மார்ஃபின் கொடுத்தால் அப்பா அதற்கு அடிமையாகிவிடுவாரா? டாக்டரே ஏன் தயங்குகிறார்?

மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து; புற்றுநோய் வலிக்கு அளவு பார்த்துக் கொடுக்கும்போது அதற்கு அடிமையாவது அரிது. டாக்டரின் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து நிறைய ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன, அதனால் அதை எழுதிப் பழகாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து முடித்து வந்துவிட்டார்கள். 2014-இல் சட்டத்தைத் தளர்த்தியும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. இத்தனைக்கும் இந்தியா சட்டப்படியே அபின் விளைவிக்கும் நாடு!

நம் பக்கமும் குறை உண்டு. ‘மார்ஃபின்னா கடைசி மருந்து’ என்று நினைத்து என் பெரியப்பா மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அப்புறம் டாக்டர் சொன்னபடி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி ஏறுவதற்கு முன்பே போட ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார்.

மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். டாக்டர் இன்னும் தயங்கினால், சரி, சண்டை போடாமல் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.