சராசரியில் தொலைவது எது?

அன்புள்ள ஐயா,

ஆயிரக்கணக்கான நியூரான்களின் (மூளையின் நரம்பணுக்களின்) மின் துடிப்புகளை ஓரிரு சமன்பாடுகளில் எழுதிவிடலாம் என்று கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கும்போது, சராசரி எடுத்தால் மூளையின் செயலே தொலைந்துவிடாதா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

சராசரித் துடிப்பு வீதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நீங்கள் அஞ்சுவது நடக்கத்தான் செய்யும். 1972இல் ஆய்வாளர்கள் வில்சனும் கோவனும், பிற நியூரான்களைத் துடிக்கத் தூண்டும் கிளர்த்தும் கூட்டத்துக்கு ஒன்று, துடிக்கவிடாமல் தடுக்கும் அடக்கும் கூட்டத்துக்கு ஒன்று என இரண்டே மாறிகளில் எழுதிய சமன்பாடுகள் அலைவுகளை அழகாக விளக்கின. ஆனால் நியூரான்கள் ஒரே கணத்தில் சேர்ந்து துடிப்பது அவற்றில் தென்படாது.

காரணம் ஒற்றை நியூரானிலேயே இருக்கிறது. ஏறத்தாழ மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் ஓய்ந்திருக்கும் சவ்வின் மின்னழுத்தம், வந்துசேரும் துடிப்புகளால் சிறிது ஏறியும் இறங்கியும், இடையிடையே கசிந்து பழைய நிலைக்குத் திரும்பியும், மைனஸ் 50ஐ ஒட்டிய வாசல் மதிப்பைத் தொட்டவுடன் துடித்து, மறுபடி கீழிருந்து தொடங்குகிறது. சராசரி மின்னழுத்தம் ஒன்றாகவே இருக்கும் இரு கூட்டங்களில், வாசலை நெருங்கி நிற்பவை எதில் அதிகமோ அதுவே அடுத்த கணத்தில் அதிகம் துடிக்கும். எனவே எழுத வேண்டியது மின்னழுத்தங்களின் பரவலை.

ஃபோக்கர்-பிளாங்க் சமன்பாடு செய்வது அதைத்தான். பரவல் காலப்போக்கில் நகர்வதை அது சொல்கிறது; வாசலைக் கடக்கும் நிகழ்தகவுப் பாய்வே துடிப்பு வீதம், கடந்தது கீழே மறுபடி உள்ளே நுழைகிறது. ஆய்வாளர் நிக்கோலாஸ் புருனெல் 2000இல் இவ்வழியில் கண்ட முடிவு உங்கள் கேள்விக்கு நேரடி விடை என்பேன்: தனி நியூரான்கள் ஒழுங்கின்றி அரிதாகத் துடிக்கும்போதே, கூட்டத்தின் மொத்தச் செயல்பாடு வேகமாக, சீராக அலைவுறலாம். எந்த ஒரு நியூரானைத் தனியே எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த அலைவு எளிதில் கண்ணில் படாது.

பரவலைச் சுமக்க எப்போதும் கனமான கணிதம் தேவை என்றும் இல்லை. 2015இல் மோண்ட்பிரியோ, பாஸோ, ராக்ஸின் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும், இருபடி வகை நியூரான்களின் (மின்னழுத்தம் மாறும் வேகம் அதன் வர்க்கத்தைப் பொறுத்திருக்கும் மாதிரி நியூரான்களின்) எல்லையற்ற கூட்டத்துக்கு, அவற்றின் வேறுபாடுகள் லொரென்ட்ஸ் பரவலில் (நடுவில் உயர்ந்து, இருபுறமும் நீண்டு தேயும் பரவலில்) அமைந்தால், துடிப்பு வீதம், சராசரி மின்னழுத்தம் என்ற இரண்டே மாறிகள் போதும் என நிறுவினர். தோராயமின்றிக் கிடைத்த இம்முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எல்லையற்ற கூட்டம் என்பது கருதுகோள்தான். எண்ணிக்கை குறையக் குறைய, அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏற்ற இறக்கங்கள் பெருகும். சில நூறு நியூரான்களுக்கு அவற்றையும் சமன்பாட்டில் சேர்த்தாக வேண்டும். குறிப்பிட்ட இரு நியூரான்களின் துடிப்பு நேரங்களைப் பொறுத்து இணைப்பு வலுவடைவதை ஆராய்கிறீர்கள் என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியே கணிப்பொறியில் ஓட்டிப் பார்ப்பதையே பரிந்துரைப்பேன்.