வாசகர் கேள்வி – பதில்: போர்ப்படங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பேரனும் நானும் வாரம் ஒரு போர்ப்படம் பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம். அவன் எழுதிக் கொடுத்த பட்டியலில் பத்துக்கு எட்டு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் வென்ற கதைகள். வெவ்வேறு போர்களிலிருந்து எப்படித் தேர்ந்தெடுப்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: பேரனைக் குறை சொல்ல வேண்டாம், ஐயா. போரில் வென்ற நாடே படத்தொழிலிலும் பெரிய நாடாக இருக்கும்போது, கைக்கு எட்டும் பட்டியல் அப்படித்தான் அமையும். எந்தப் போர் என்று கேட்பதற்கு முன்னால், கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் தானாகவே மாறிவிடும்.

வியட்நாமையே எடுத்துக்கொள்வோம். 1979-இல் வெளிவந்த கொப்போலாவின் ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில், ஒலிபெருக்கியில் வாக்னரின் இசையை முழங்கவிட்டபடி ஹெலிகாப்டர்கள் ஒரு கடலோரக் கிராமத்தின்மீது பாயும் காட்சியைப் பார்த்தவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். (படப்பிடிப்பு நடந்தது பிலிப்பைன்ஸில், அந்நாட்டு ராணுவத்திடம் வாங்கிய ஹெலிகாப்டர்கள், உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டையிட அவ்வப்போது பாதியிலேயே திரும்ப அழைக்கப்பட்டன என்பது தனிக்கதை.) அதே 1979-இல், வியட்நாமில் நுயென் ஹோங் சென் இயக்கிய படம் ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் ‘தி அபாண்டன்ட் ஃபீல்டு’ (The Abandoned Field) என்று தேடினால் கிடைக்கும். மீகாங் கழிமுகத்தில் வெள்ளம் சூழ்ந்த வயல்வெளியில் குடிசை போட்டு, கொரில்லாப் படையினருக்குத் தொடர்பாளர்களாக இருக்கும் இளம் தம்பதியின் கதை அது. அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் வட்டமிடும்போது குழந்தையைப் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, பையின் வாயை இறுக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் அமிழ்த்துகிறார்கள். கொப்போலா வானத்திலிருந்து காட்டிய போரை, இங்கே கழுத்தளவு நீரில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பாருங்கள். முதல் படத்தின் அழகே கொஞ்சம் உறுத்தத் தொடங்கும்.

முதல் உலகப் போருக்கு நான் சொல்வது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ (1957). நிறைவேற்றவே முடியாத தாக்குதலுக்கு உத்தரவிட்ட பிரெஞ்சுத் தளபதிகள், அது தோற்றதும், மூன்று சிப்பாய்களைக் கோழைகள் என்று குற்றம்சாட்டிச் சுட்டுக் கொல்ல ஏற்பாடு செய்கிறார்கள். பிரான்ஸில் இந்தப் படம் திரைக்கு வர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பசிபிக் போருக்கு, கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-இல் ஒரே தீவுச் சண்டையை இரு தரப்பிலிருந்தும் இரண்டு படங்களாக எடுத்தவற்றில், ஜப்பானியர் பக்கம் நிற்கும் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ போதும். போஸ்னியாவுக்கு ‘நோ மேன்ஸ் லேண்ட்’ (2001): இரு தரப்புக்கும் நடுவிலுள்ள ஒரு பதுங்குகுழி, அதற்குள் எதிரெதிர்த் தரப்புச் சிப்பாய்கள், அசைந்தால் வெடிக்கும் கண்ணிவெடியின்மேல் படுத்திருக்கும் ஒருவன், அவ்வளவுதான் கதை. ‘லகான்’ போட்டியிட்ட ஆண்டில் ஆஸ்கரைத் தட்டிச் சென்ற படம் இதுதான். அன்றைக்கு வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். படத்தைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

கேள்வி: போர்ப்படங்களில் காட்டுவதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளலாமா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நம்பத்தகுந்ததாகத் தோன்றும் படத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். கில்லோ பொன்டெகோர்வோவின் ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ (1966) செய்திப்படம் போலவே இருக்கும். ஆனால் அதில் ஓரடிச் செய்திச்சுருள்கூடச் சேர்க்கப்படவில்லை. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய அல்ஜீரிய விடுதலை முன்னணியின் தளபதிகளில் ஒருவராக இருந்த சாதி யாசெஃப், தன் சாயலிலேயே அமைந்த பாத்திரத்தில் நடித்ததோடு, படத்தின் தயாரிப்பிலும் பங்கு கொண்டார். ஒரு தரப்பின் கை இவ்வளவு படிந்த படம் என்றாலும், பிரெஞ்சுக்காரர்கள் கூடும் கடையில் குண்டு வைக்கப்போகும் பெண் சுற்றிலும் பார்க்கும்போது, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் மீது கேமரா நிற்கிறது. அந்தக் காட்சிக்காகவே அதை நம்பலாம் என்பேன். மாறாக, ரெமார்க்கின் நாவலைத் தழுவி ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ (2022), போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரும் 1918 நவம்பர் 11-இன் கடைசி நிமிடங்களில் ஒரு தாக்குதலைச் சேர்த்துக்கொண்டது. நாவலில் அது கிடையாது. நாயகன் அக்டோபரிலேயே இறந்துவிடுகிறான். விறுவிறுப்புக்காக வரலாற்றையும் நாவலையும் ஒருசேர வளைத்ததை என்னால் ரசிக்க முடியவில்லை.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அனிமேஷன் படம் என்பதால் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ காட்டலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: காட்டலாம், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால். 1945-இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்த பிறகு, பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியோடு போராடுவதே இசாவோ தகஹாதாவின் இந்த 1988 படம். மிட்டாய் தீர்ந்துபோன தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கலக்கி, ஒட்டியிருக்கும் இனிப்பைத் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கிறான் அண்ணன். பெரியவர்களே தாங்கிக்கொள்ளச் சிரமப்படும் இடம் அது. சோவியத் படமான ‘கம் அண்ட் சீ’யை (1985) இந்த வயதில் தொடவே வேண்டாம்.

கேள்வி: இலங்கைப் போரைப் பற்றிச் சிங்களத்தில் வந்தவற்றில் நாங்கள் பார்க்கத் தகுந்தது ஏதும் உண்டா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. பிரசன்ன விதானகே 1997-இல் இயக்கிய ‘புரஹந்த களுவர’. மகன் போரில் இறந்ததாகச் சொல்லி, திறக்கக்கூடாதென்று முத்திரையிட்ட சவப்பெட்டியைப் பார்வையற்ற முதியவர் ஒருவரின் வீட்டுக்கு அனுப்புகிறது ராணுவம். இழப்பீட்டுப் பணத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். வீட்டில் கடனும் இருக்கிறது, மகளின் கல்யாணமும் இருக்கிறது. அவரோ மகன் சாகவில்லை என்று சொல்லிக் கையெழுத்திட மறுக்கிறார். போர்க்களமே காட்டப்படாத இந்தப் படத்தை 2000-இல் அரசு திரையிட விடவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியானது. முதியவராக நடித்த ஜோ அபேவிக்ரமவின் நடையை மட்டும் கவனியுங்கள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை.