லூப்பை எடுத்துவிட்ட புக்கிட் தீமா

வணக்கம் ஐயா. சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் புக்கிட் தீமா ரயில் நிலையத்தை 1:87 அளவில் செய்துவருகிறேன். கூரை ஓடுவரை முடிந்தது. செங்கல் சுவரில் சாந்துக் கோடுகளுக்கு என்ன நிறம் சரியாக இருக்கும்? இடம் போதாததால் இரண்டு தடங்களில் ஒன்றை விட்டுவிட்டேன். 16.5 மி.மீ. டிராக் சுலபமாகக் கிடைக்கிறது. அதையே போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா மகன்தான் “ரயில் எப்போ ஓடும் மாமா” என்று நச்சரிக்கிறான்.
– ரா.

அன்புள்ள ரா.,

ஒற்றைப் பாதையில் வண்டிகளை எப்படி ஓட்டினார்கள் என்று நான் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. எனவே பதில் நீளும். திட்டும் விழும்.

சாந்துக்கு வெளிர் சாம்பல் அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துச் சுவர் முழுக்கத் தடவி, காய்வதற்குள் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிடுங்கள். கோடுகளில் மட்டும் தங்கும். அடியில் உள்ள செங்கல் நிறம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் துணியோடு வந்துவிடும். அவ்வளவுதான்.

டிராக் விஷயத்தில் “யாருக்குத் தெரியப்போகிறது” என்று எழுதியது கோபத்தை வரவழைத்தது. 16.5-ஐ 87-ஆல் பெருக்குங்கள், 1435 மி.மீ. வருகிறது. அது சிங்கப்பூர் எம்ஆர்டி மெட்ரோவின் தண்டவாள அகலம். உங்கள் நிலையத்தில் நின்ற மலேசிய ரயில்வே, கேடிஎம், ஓடியது 1000 மி.மீ. மீட்டர் கேஜில். எழும்பூரிலிருந்து தெற்கே போன பழைய பாதையின் அகலமும் அதுதான். இந்தியாவின் வைடிஎம்4 டீசல் இஞ்சின்கள் சில வாடகைக்கு மலேசியா போய் ஓட முடிந்ததும் அதனால்தான். உங்கள் அளவுக்கு 12 மி.மீ. டிராக் வாங்குங்கள். கணக்குப்படி 44 மி.மீ. கூடுதல், அதைக் கண் பொறுத்துக்கொள்ளும். 435-ஐப் பொறுக்காது.

இனி, அந்த இரண்டாவது தடம். அதை அழகுக்குப் போட்டதாக நினைத்துவிட்டீர்கள், தம்பி. பந்தயக் குதிரைகள் வந்திறங்கிய காலமெல்லாம் போன பிறகு, அந்த நிலையம் 2011 ஜூன் 30 வரை உயிரோடு இருந்ததே அந்தத் தடத்துக்காகத்தான். பாதை ஒற்றை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று லூப்பில், அதாவது அந்த இரண்டாவது தடத்தில், ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். லூப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓட்டுக் கூரை போட்ட ஒரு பொம்மை வீடு.

ஒதுங்கினால் மட்டும் போதாது, அடுத்த நிலையம் வரையிலான பிரிவுக்குள் நுழைய டோக்கன் வேண்டும். ஒரு பிரிவின் இரு முனைகளிலும் கம்பியால் இணைந்த இரண்டு பெட்டிகள் இருக்கும், உள்ளே சாவி வடிவ டோக்கன்கள். இந்த முனையில் ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்பார். அந்த முனையில் இருப்பவர் சம்மதித்துப் பித்தானை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே சாவி திரும்பி வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அதை ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடும்வரை இன்னொன்று வராது. பக்கத்துப் பிரிவின் பெட்டியில் அந்தச் சாவி நுழையவும் நுழையாது, வெட்டு வேறு. பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டுவார்கள். வண்டி நகரும்போதே டிரைவர் பழைய வளையத்தை விட்டுவிட்டுப் புதியதில் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார்.

இவ்வளவு பூட்டுக்கும் ஓர் ஓட்டை உண்டு. 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸில் ஆபர்மூல் நிலையத்தில், வந்துசேர்ந்த வண்டி கொடுத்த டோக்கன் கைமாறிக் கைமாறி, அடுத்த பிரிவுக்கானது என்ற நினைப்பில் அதே டிரைவரிடம் திரும்பிப் போனது. அதில் பொறித்திருந்த ஊர்ப்பெயரை யாரும் படிக்கவில்லை. வண்டி கிளம்பி எதிரே வந்த விரைவு வண்டியோடு மோதியது. 17 பேர் செத்தார்கள். டோக்கன் பெட்டிகள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன.

உங்கள் அறைக்கு வருவோம். ரயில் பெட்டி ஒன்றுக்கு 20 மீட்டர் என்று வைத்தால் மாடலில் 23 செ.மீ. எட்டுப் பெட்டியும் இஞ்சினும் இரண்டு மீட்டரைத் தாண்டும், தடம் பிரியும் பாயிண்டுகளையும் சேர்த்தால் அறை கொள்ளாது. நாலு பெட்டி போதும்: 92, இஞ்சினுக்கு 20, இரு முனையிலும் நிறுத்த இடைவெளி 15 வீதம் 30, இரண்டு பாயிண்டுக்கு 50. மொத்தம் 192 செ.மீ. சுவரோரம் அடங்கும். பாயிண்ட் அருகே இரு தடத்திலும் ஒவ்வொரு பெட்டியை வைத்து, உரசும் இடம்வரை தள்ளிப் பாருங்கள். அதற்கு இரண்டு செ.மீ. உள்ளே வெள்ளைக் கோடு போடுங்கள், வண்டியின் வால் அதைத் தாண்டி நிற்கக் கூடாது. வளைவில் பெட்டியின் மூலை வெளியே நீட்டிக்கொள்ளும் என்பதால் உங்களிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியை வைத்துப் பாருங்கள். பலர் குட்டி வேகனை வைத்துக் கோடு போட்டுவிட்டு, முதல் நாளே பயணிகள் வண்டியைச் சாய்த்துவிடுவார்கள்.

டோக்கனுக்குக் கிட்டார் வயரில் வரும் 6.35 மி.மீ. ஸ்டீரியோ பிளக் இரண்டு போதும். தெற்குப் பிரிவின் பிளக்கில் முனையையும் அடியையும் இணையுங்கள், வடக்கில் நடு வளையத்தையும் அடியையும். கன்ட்ரோலரில் ஒரே சாக்கெட். எந்த பிளக் செருகியிருக்கிறதோ அந்தப் பிரிவின் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) மட்டும் பிடித்து, அந்தத் தடத்துக்கு மட்டும் கரண்ட் போகும். இது, தடத்துக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்டும் டிசி முறைக்கு. தடத்துக்குப் போகும் கரண்டை பிளக் வழியாக விடாதீர்கள், ரிலே காயிலுக்கு மட்டும். செருகும்போது தவறான ரிலே ஒரு கணம் துள்ளும், ஆகவே வேகக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுச் செருகுங்கள். இரண்டுக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள், ஆனால் ஒரே நிறத்தில்.

அக்கா மகனை ஸ்டேஷன் மாஸ்டராக உட்காரவையுங்கள். அவ்வப்போது வேண்டுமென்றே தவறான பிளக்கை நீட்டச் சொல்லுங்கள். படிக்காமல் வாங்கிச் செருகினால் வண்டி நகராது, அவன் சிரிப்பான்.