சாயாத முகப்பும் ஒளிரும் கதிரும்

கேள்வி: பொங்கல் விடுமுறையில் மதுரையிலிருந்து காரில் செட்டிநாட்டுப் பக்கம் போய்ப் பழைய வீடுகளையும் வயல்களையும் படமெடுக்க நினைக்கிறேன். கையில் 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. போன முறை வீடுகளெல்லாம் பின்பக்கமாகச் சாய்வதுபோல் வந்தன. வயல்கள் வெறும் பச்சைப் பட்டையாக இருந்தன. என்ன செய்யலாம்?

பதில்: லென்ஸ் போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

தெரு குறுகல், வீடு உயரம். உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பத்தையும் சேர்த்துவிட வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். சாய்வு அங்கேதான் வருகிறது. எதிர்ச் சுவரில் முதுகு படும்வரை பின்னால் போங்கள். கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பி, லென்ஸ் மேலும் கீழும் சாயாமல் நேராகப் பார்க்கும்படி பிடியுங்கள். படத்தின் கீழே வெறும் ரோடாக வரும். வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அப்படியும் உச்சி அடங்கவில்லை என்றால் சற்று அண்ணாந்து எடுத்து மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், ஆகவே இருபக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். முழு வீட்டையும் ஒரே படத்தில் அடைக்கும் ஆசையை விட்டால் இன்னும் நல்லது. சில முகப்புகளில் தெய்வ உருவங்களுக்குப் பக்கத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பார். 55 மி.மீ.யில் அவரைத் தனியாக எடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஊர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதைவிட, எந்த முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வது பயன் தரும். கிழக்குப் பார்த்தது காலைக்கு, மேற்குப் பார்த்தது மாலைக்கு. தை மாதத்தில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போவதால் வடக்குப் பார்த்த முகப்பில் நேர் வெயில் விழாது. நிழலில் வண்ணம் சீராக இருக்கும் என்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நண்பகலில் வீட்டுக்குள் போங்கள். கானாடுகாத்தானில் சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். விடுதியாக மாறிய வீடுகளும் உண்டு. உச்சி வெயில் வளவு என்னும் உள்கட்டின் நடுமுற்றத்தில் இறங்கித் தரையில் பட்டு, சுற்றியிருக்கும் பர்மாத் தேக்குத் தூண்களின் மேல் மெதுவாகப் பரவும். வானம் சட்டத்துக்குள் வராதபடி நின்று, முற்றத்து வெளிச்சம் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுங்கள். தூண் இருட்டாக வந்தால் பிறகு மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிவிடலாம். வெளுத்துப் போனதை மீட்க முடியாது. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடி ஓடுகளைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறார்கள், அந்தக் கண்ணாடியின் வழவழப்பே ஓட்டுக்கும் வந்துவிடுகிறது. அதில் ஃபிளாஷ் பட்டால் பூவேலை மறைந்து ஒரு வெள்ளைப் பொட்டுதான் தெரியும். ஆத்தங்குடிப் பட்டறைகளில் இந்த வேலையை நேரிலேயே பார்க்கலாம். வண்ணம் ஊற்றும் கையைப் படமெடுக்க மறக்காதீர்கள்.

வயலுக்குக் காலையும் மாலையும்தான். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்ததால்தான் உங்களுக்குப் பச்சைப் பட்டை கிடைத்திருக்கும். சூரியனைப் பார்த்து நின்று, கதிரின் உயரத்துக்குக் குனியுங்கள். பின்னொளியில் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக ஒளிரும். இது வானத்தை நம்பிய கண்மாய்ப் பாசனச் சீமை. மழை பெய்த ஆண்டில் தை மாதம் விளைந்த வயலும் அறுத்த தாளும் அடுத்தடுத்துக் கிடைக்கும். பொய்த்த ஆண்டில் செம்மண்ணும் பனையும் சீமைக்கருவேலமும்தான், அவையும் நல்ல படங்களே. வரப்பு, மடை, அறுவடை இயந்திரத்தின் பின்னால் நடக்கும் கொக்கு என ஏதாவது ஒன்று முன்னால் இருக்கட்டும். வரப்பில் இறங்கும் முன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் அதன்மேல் காரை ஏற்றாதீர்கள்.

அந்தப் பக்கமே இருக்கும் திருமயம் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே முக்காலி வைக்க அனுமதி வேண்டும், கையில் பிடித்தே எடுங்கள். பூட்டிய வீடுகளில் காவலாளிக்குக் காசு கொடுத்து உள்ளே நுழையப் பார்க்காதீர்கள்; வெளியூரில் இருக்கும் உரிமையாளர் அறிந்தால் காவலாளியின் வேலைதான் போகும். அந்த வீடுகளின் படத்தை இணையத்தில் போடும்போது இருப்பிடக் குறியை எடுத்துவிடுங்கள். பழைய கதவுக்கும் தூணுக்கும் நல்ல விலை கிடைக்கிறது, ஆளில்லாத வீட்டைத் தேடுகிறவர்களும் படம் பார்க்கிறார்கள்.