ராத்திரி முழுக்க டெலஸ்கோப்பில் ஃபோகஸ் நிற்க மாட்டேன் என்கிறதே, ஏன்?

ஒன்பது மணிக்குப் படத்தில் கூர்மையாக விழுந்த ஓரியன் நெபுலா (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் தெரியும் ஒளிமேகம்) பன்னிரண்டு மணிக்கு மங்கிவிடுகிறது, டெலஸ்கோப்பை நான் தொடவே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தொடாமல் விட்டதுதான் காரணம்.

எனக்கு வலங்கைமான் பக்கம் ஊர். 150 மி.மீ. கண்ணாடி, 750 மி.மீ. குவியத் தூரம் உள்ள நியூட்டோனியன், அதாவது அடியில் பெரிய குழிக் கண்ணாடியும் வாய்ப்பக்கம் சின்னக் கண்ணாடியும் உள்ள டெலஸ்கோப், வைத்திருக்கிறேன். மாடியில் தென்னை மரங்கள் வடக்கை மறைக்கின்றன, டெலஸ்கோப்பைச் சரியாக நிறுத்தத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும், அதுவோ நம்ம ஊரில் அடிவானத்திலிருந்து சுமார் 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் நெல் அடிக்கிற களத்தில்தான் கொண்டுபோய் வைப்பேன். முதல் வருஷம் தை மாசத்தில் ஒரு ராத்திரி இரண்டு இரண்டு நிமிஷமாகத் தொண்ணூறு படம் எடுத்துவிட்டு, காலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முதல் இருபதில் அரிசியாக இருந்த நட்சத்திரமெல்லாம் கடைசியில் பொரியாக ஊதியிருந்தது. அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன்.

ராத்திரி ஏற ஏறக் குழாய் குளிர்ந்து சுருங்குகிறது. 750 மி.மீ. நீளம் ஐந்து டிகிரி குளிர்ந்தால் அலுமினியம் 0.08 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே சுருங்கும், இரும்பு அதில் பாதி. ஒரு தாளின் தடிமன்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் என்னுடையது போன்ற எஃப்/5 டெலஸ்கோப்பில் (குவியத் தூரம் கண்ணாடியின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு) ஃபோகஸ் பிசகாமல் நிற்க முன்னே 0.03, பின்னே 0.03 மி.மீ. தான் இடம். அதனால் வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி இறங்கும்போதெல்லாம், இல்லாவிட்டால் மணிக்கு ஒரு தடவை, மறுபடி ஃபோகஸ் பாருங்கள். குழாய் சுருங்கினால் கேமராவைத் துளி வெளியே இழுக்க வேண்டியிருக்கும்.

இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், ஃபோகஸ் பார்க்க உதவும் பாஹ்டினோவ் மாஸ்க் வாங்குங்கள். பாவெல் பாஹ்டினோவ் என்ற ரஷ்யர் 2005இல் கண்டுபிடித்தது, கோடு கோடாக வெட்டிய வெறும் தட்டுதான். குழாய் வாயில் மாட்டி ரைகல், சிரியஸ் மாதிரி பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் பெருக்கல் குறி போல இரண்டு கதிர், நடுவே ஒரு கதிர் தெரியும். நடுக்கதிர் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் ஃபோகஸ் இல்லை. ஃபோகஸ் குமிழை மயிரிழை திருப்பினால் அது நகர்ந்து வருவது தெரியும், இரண்டு கதிரும் வெட்டுகிற இடத்துக்குள் சரியாக நுழைந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் பூட்டுத் திருகை இறுக்கிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் இறுக்குவதே அதைக் கொஞ்சம் தள்ளிவிடும். கேமராவின் கனம் ஃபோகஸர் குழாயை (கேமராவை மாட்டி முன்னே பின்னே நகர்த்துகிற சின்னக் குழாய்) கீழே இழுக்கும், அதனால் கடைசித் திருப்பு எப்போதும் கனத்தை எதிர்த்து மேலே தூக்குகிற பக்கமாக இருக்கட்டும்.

நம்ம பக்கம் இன்னொரு தொந்தரவு பனி. சுற்றிலும் வயல், வாய்க்காலில் தண்ணீர், பதினோரு மணிக்கெல்லாம் டெலஸ்கோப் குழாயில் நீர் வழியும். பலர் இதையும் ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துக் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். மாஸ்க் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்: நடுக்கதிர் நடுவிலேயே இருந்து, ஆனால் கதிர்கள் மூன்றும் வெளிறி, நட்சத்திரத்தைச் சுற்றிப் புகை வளையம் தெரிந்தால் அது பனி. அப்போது குமிழைத் தொடாதீர்கள், துணியால் கண்ணாடியைத் துடைக்கவே துடைக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தூரத்தில் பிடித்து, சின்னக் கண்ணாடிக்கு இரண்டு நிமிஷம் காட்டி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, பிறகு ஃபோகஸ் பாருங்கள். யோகா மேட்டை வெட்டிக் குழாய் வாயில் சுருட்டிக் கட்டினால் பனி இறங்கவே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், நான் அப்படித்தான் செய்கிறேன்.

மாசியில் அதிகாலை மூன்று மணிவாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற உருண்டையான நட்சத்திரக் கொத்து முப்பது டிகிரி உயரத்துக்கு வந்துவிடும், வடநாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு உயரத்தில் கிடைக்காது. அந்த நேரத்தில் குழாய் நன்றாகக் குளிர்ந்திருக்கும், டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பியதும் முதலில் மாஸ்க்கை மாட்டுங்கள்.