ஒரு இயற்பியல் பேராசிரியரால் ஆய்வு, கற்பித்தல், உயர்கல்வி நிர்வாகம் மூன்றிலும் சாதிக்க முடியுமா?

முடியும். தௌலத் சிங் கோத்தாரியைப் பாருங்கள். 1906இல் உதய்பூரில் பிறந்தவர். அலகாபாத்தில் மேகநாத் சாகாவிடம் படித்து, கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஆய்வு செய்தார்.

கடும் வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழப்பதைக் கணக்கிட்டவர் சாகா. மாணவரோ அழுத்தத்தின் பக்கம் திரும்பினார். அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும்போது, எலெக்ட்ரான் தன் கருவோடு ஒட்டியிருக்க இடமில்லாமல் போகிறது. வெப்பம் குறைவாக இருந்தாலும் கழன்றுவிடுகிறது. எரிபொருள் தீர்ந்து மிக அடர்த்தியாகச் சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் உட்புறத்தைப் புரிந்துகொள்ள இது உதவியது. ஆசிரியரின் வேலையை மாணவர் முன்னெடுத்துச் செல்வதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

1934 முதல் டெல்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை வளர்த்தார். 1948இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகரானார். 1961 முதல் 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர். நடுவே 1964–66 கல்வி ஆணையத்துக்கும் தலைமை தாங்கினார். 10+2+3 கல்விமுறை நாடெங்கும் பரவ வழிவகுத்தது அந்த ஆணையம்தான். ஏழை, பணக்காரர் பிள்ளைகள் ஒரே அருகமைப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதைக் கைவிட்டது, என்னைப் பொறுத்தவரை, பெரும் இழப்பு.