நாக் கிரேடு வாங்கித் தர ஆள் இருக்கிறாரா?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியை. எங்கள் ‘பி பிளஸ் பிளஸ்’ நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் அடுத்த ஆண்டு முடிகிறது. அடுத்து வருவது இரண்டாவது சுற்று மதிப்பீடு. பழைய கோப்புகள் பாதி இல்லை. ஓர் ஆலோசகர் பல லட்சம் கேட்கிறார்; உச்ச கிரேடும் 7 ஆண்டு அங்கீகாரமும் நிச்சயம் என்கிறார். நிர்வாகம் சம்மதித்துவிடும் போலிருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், அம்மா. கிரேடு நிச்சயம் என்று யார் சொன்னாலும் அது பொய், இல்லையென்றால் லஞ்சம். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. கொடுத்த தரப்பிலும் ஆட்கள் உள்ளே போனார்கள்.

அந்த 7 ஆண்டு விஷயத்தை நிர்வாகத்திடம் நிதானமாக விளக்குங்கள். கிரேடு முறையில் அங்கீகாரம் பொதுவாக 5 ஆண்டு. தொடர்ந்து இரண்டு சுற்றில் உச்ச கிரேடு பெற்று, மூன்றாவதிலும் அதைத் தக்கவைத்தால்தான் 7. முதல் சுற்றில் நீங்கள் வாங்கியது ‘பி பிளஸ் பிளஸ்’. இப்போது உச்சமான ‘ஏ பிளஸ் பிளஸ்’ வந்தாலும் அது முதல் தடவையாகத்தான் கணக்கு. அதற்கு மேல் இன்னும் இரண்டு சுற்று அதே கிரேடு வேண்டும். இந்த விதிகூடத் தெரியாதவருக்கா லட்சங்கள்?

இந்த ஆட்கள் தருவது பெரும்பாலும் வேறொரு கல்லூரிக்கு எழுதிய அறிக்கை, பெயர் மட்டும் மாறியிருக்கும். கூடவே இப்போது தயாரித்துப் பழைய தேதி போட்ட வருகைப் பட்டியல்கள். நாம் ஏற்றும் தகவலைச் சரிபார்ப்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள். அப்போது ஆலோசகர் போனை எடுக்க மாட்டார். கையெழுத்துப் போட்ட முதல்வர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஊருணியைச் சுத்தம் செய்தார்கள் என்று வையுங்கள். சுற்றறிக்கை, மாணவர்கள் அவரவர் போட்ட கையெழுத்து, இடமும் தேதியும் பதிந்த படம், ஊராட்சியின் கடிதம், செலவு ரசீது எல்லாம் ஒரே நாளைச் சொல்ல வேண்டும். ரசீது தணிக்கைக் கணக்கிலும் இருக்க வேண்டும். எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே பேனா, ஒரே சுழிப்பு என்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

காணாமல் போன கோப்புகளுக்குக் கணக்குப் பிரிவிலும் ஓய்வுபெற்ற துறைத் தலைவர்களிடமும் நகல் கேளுங்கள். ஆண்டுதோறும் நாக்கிற்கு அனுப்பிய தர அறிக்கைகளை முதலில் எடுங்கள். அவற்றில் உள்ள எண் ஒன்று, இப்போது எழுதும் எண் வேறொன்று என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆதாரமே இல்லாததை விட்டுவிடுங்கள். மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

மதிப்பீட்டு முறையைத்தான் நாக்காரர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே! 2017இல் ஒன்று கொண்டுவந்தார்கள். 2024இல், அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் என்று இன்னொன்றை அறிவித்தார்கள். வாத்தியார் பாடம் நடத்துவாரா, பி.டி.எஃப். ஏற்றுவாரா? விண்ணப்பிக்கும் முன் நாக் இணையதளத்தில் அன்றைய விதியை நீங்களே படியுங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். எந்த முறை வந்தாலும் ஆதாரம் கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த லட்சங்களில் ஒரு சிறு பங்கில் நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கி, ஓர் எழுத்தரையும் போட்டுத் தரச் சொல்லிச் செயலாளருக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.